நெஞ்சுவலிக்கு ட்ரோபோனின் பரிசோதனை ஏன்? தசைப் புரதங்கள் பிடிப்பதும் விடுவதும்

நெஞ்சுவலி என்று அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனால், இசிஜி எடுத்த கையோடு ரத்தமும் எடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் "ட்ரோபோனின் பாசிட்டிவ்" என்று சொல்வார்கள். கூட வந்தவர்கள் உடனே செல்போனில் தேடினால் 'அது ஒரு தசைப் புரதம்' என்று வரும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. புரதம் உடம்புக்கு நல்லதுதானே? முட்டையும் பருப்பும் அதிகமாகச் சாப்பிட்டதால் ஏறிவிட்டதா? தசையில் இருக்க வேண்டியது ரத்தத்துக்கு எப்படி வந்தது?

முதல் சந்தேகத்தை இப்போதே தீர்த்துவிடலாம். நாம் சாப்பிடும் எந்தப் புரதத்தையும் குடல் அப்படியே உள்ளே விடுவதில்லை. அமினோ அமிலங்களாக உடைத்துத்தான் அனுப்பும். அதனால் முட்டைக்கும் இந்த ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. மற்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய, தசை எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமாக, இழுத்த பிடியை எப்படி விடுகிறது என்று பார்க்க வேண்டும். இழுப்பதற்குச் சக்தி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுவதற்கும் சக்தி வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. தசையைப் பற்றிய பாதிக் குழப்பம் இதிலிருந்துதான் வருகிறது.

கோடு போட்ட நார்

கறியைக் கொஞ்சம் வேகவைத்துப் பிய்த்துப் பாருங்கள், நார் நாராக வரும். அந்த நாரை இன்னும் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் தலைமுடி அளவுக்கு மெல்லியதாக, அல்லது அதைவிட மெல்லியதாக ஒன்று கிடைக்கும். அதுதான் ஒரு தசைநார். அது ஒரே ஒரு செல். குறுக்களவு 10 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும், நீளமோ பல சென்டிமீட்டர். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்தச் செல்லுக்குள் ஏறக்குறைய ஒரு மைக்ரான் தடிமனுள்ள நுண்ணிழைகள் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு நுண்ணிழையிலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று கோடுகள் மாறி மாறித் தெரியும். ஒரு முழுக் கட்டத்துக்கு சார்க்கோமியர் என்று பெயர். தசை ஓய்வாக இருக்கும்போது அதன் நீளம் 2 மைக்ரானுக்குச் சற்று மேல். கறுப்புப் பட்டையில் இருப்பது மயோசின் என்ற புரதத்தால் ஆன தடித்த இழைகள். அவற்றுக்கு இடையில் இரண்டு பக்கத்திலிருந்தும் நீட்டிக்கொண்டிருப்பவை ஆக்டின் என்ற புரதத்தால் ஆன மெல்லிய இழைகள்.

இந்த இரண்டையும் ஒரே சமயத்தில் கண்டுபிடித்துவிடவில்லை. ஜெர்மனியின் வில்ஹெல்ம் கூன 1864-இல் தவளைத் தசையிலிருந்து பிரித்த பொருளுக்கு மயோசின் என்று பெயர் வைத்தார். அவர் பிரித்தது ஒரே புரதம் அல்ல, கலவை என்பது தெரிய எண்பது வருடம் போல ஆயிற்று. ஹங்கேரியின் செகெத் நகரில் ஆல்பர்ட் செண்ட்-ஜார்ஜியின் ஆய்வகத்தில், 1942-ஐ ஒட்டி, புரூனோ ஸ்ட்ரௌப் ஆக்டினைத் தனியாகப் பிரித்தார். வெளியே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆய்வகத்தில் இரண்டு புரதங்களையும் சேர்த்து நூலாக இழுத்து, அதன் மேல் வேகவைத்த தசையின் சாற்றை ஊற்றினார்கள். நூல் சுருங்கியது! உயிரோ நரம்போ இல்லாத ஒரு புரத நூல் கண்ணெதிரே அசைந்தது. சாற்றில் வேலை செய்த முக்கியப் பொருள் ஏடிபி. உடம்பின் எல்லாச் செல்களும் சக்திக்குப் பயன்படுத்தும் அதே மூலக்கூறு.

தீப்பெட்டி மூடுவது போல

தசை சுருங்கும்போது உள்ளே இருக்கும் புரதம் நூல்கண்டு போலச் சுருண்டு குட்டையாகிறது என்றுதான் 1950-கள் வரை பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அது தப்பு என்று 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கெயும், மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் சொந்தம் எதுவும் கிடையாது. 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன.

அவர்கள் பார்த்தது எளிய விஷயம்தான். தசை சுருங்கும்போது கறுப்புப் பட்டையின் அகலம் மாறவே இல்லை. வெள்ளைப் பட்டைதான் குறுகியது. தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பெட்டியைப் பாதி இழுத்து வைத்தால் மொத்த நீளம் அதிகம், உள்ளே தள்ளினால் குறைவு. ஆனால் உள்பெட்டியும் சுருங்குவதில்லை, வெளிக்கூடும் சுருங்குவதில்லை. தசையிலும் அப்படித்தான். மெல்லிய இழைகள் தடித்த இழைகளுக்கு நடுவே நழுவி உள்ளே போகின்றன.

இவ்வளவு சின்ன நழுவலில் கை எப்படி மடங்கும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைநாரில் 2.2 மைக்ரான் கட்டங்கள் ஏறக்குறைய 45,000 வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் வெறும் 0.4 மைக்ரான் குறைந்தால் போதும், மொத்த நார் 1.8 சென்டிமீட்டர் குட்டையாகிவிடும். தசை, எலும்பில் மூட்டுக்கு மிக அருகில் ஒட்டியிருப்பதால், அங்கே சில சென்டிமீட்டர் இழுத்தாலே நுனியில் உள்ளங்கை நீண்ட தூரம் நகர்ந்துவிடும்.

ஒரு மயோசின் தலை செய்யும் வேலை

இழைகளை நழுவ வைப்பது யார்? ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு இருக்கும். இந்தத் தலைதான் இயந்திரம். அது செய்யும் வேலையை வரிசையாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் தலை ஆக்டினை இறுகப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. ஓர் ஏடிபி மூலக்கூறு வந்து தலையில் ஒட்டுகிறது. ஒட்டிய உடனே தலை ஆக்டினை விடுகிறது.
2. தலை அந்த ஏடிபியை உடைக்கிறது. கிடைக்கும் சக்தியில், வில்லை இழுத்து நிறுத்துவது போலத் தன்னை முன்னால் சாய்த்துக்கொண்டு தயாராகிறது. உடைந்த இரண்டு துண்டுகளும் இன்னும் தலையிலேயே இருக்கின்றன.
3. சற்றுத் தள்ளியுள்ள ஆக்டினைப் பிடிக்கிறது.
4. உடைந்த துண்டில் ஒன்றான பாஸ்பேட் வெளியேறுகிறது. தலை மடங்கி, ஆக்டின் இழையை இழுக்கிறது. இழுக்கும் தூரம் 5 முதல் 10 நானோமீட்டர். மைக்ரானில் நூறில் ஒரு பங்குதான்.
5. மிச்சத் துண்டும் வெளியேறுகிறது. தலை பிடித்தபடியே நிற்கிறது, அடுத்த ஏடிபி வரும்வரை.

முதல் படியையும் ஐந்தாம் படியையும் இன்னொரு தடவை படியுங்கள். பிடியை விடுவிப்பது ஏடிபியின் வருகை. கிணற்றில் கயிறு இழுப்பவர் ஒரு கையை விட்டு மேலே மாற்றிப் பிடித்தால்தான் வாளி மேலே வரும், இரண்டு கையும் பிடித்த இடத்திலேயே இருந்தால் வாளி நகராது. மயோசின் தலைகளும் ஒரே நேரத்தில் எல்லாம் இழுப்பதில்லை. சில பிடித்திருக்கும்போது சில விட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் இழை பின்னால் வழுக்கிப் போவதில்லை.

தசையில் தயாராக இருக்கும் ஏடிபி, முழு வேகத்தில் வேலை செய்தால் இரண்டு மூன்று விநாடிகளுக்குத்தான் வரும். கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பு அதை உடனுக்குடன் புதுப்பித்து பத்து விநாடி போலத் தாங்கும். அப்புறம் குளுக்கோஸும் கொழுப்பும் ஆக்சிஜனும் வந்தாக வேண்டும்.

பிடித்தபடியே நின்றுவிட்டால்

ஏடிபி வரவே இல்லை என்றால் என்ன ஆகும்? அதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நம் வீடுகளில் ஒருவர் இறந்ததும் பெரியவர்கள் முதலில் செய்வது, கண்ணை மூடிவிட்டு, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. "உடம்பு விறைக்கிறதுக்குள்ள கட்டிடுங்க" என்பார்கள். அந்த அவசரத்தில் துல்லியமான கவனிப்பு இருக்கிறது. மூச்சு நின்றதும் ஆக்சிஜன் நிற்கிறது, ஏடிபி உற்பத்தி நிற்கிறது. சில மணி நேரத்தில் இருப்பும் தீர்ந்துபோகும். கடைசியாகப் பிடித்த மயோசின் தலைகளுக்கு விடச்சொல்ல ஆள் இல்லை. இமை, தாடை, கழுத்து என்று சின்னத் தசைகளில்தான் விறைப்பு முதலில் தெரியும், பிறகு கை கால்களுக்குப் பரவும். சுமார் 12 மணி நேரத்தில் முழு உடம்பும் விறைத்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உடம்பு மறுபடி தளரும். அப்போதும் தலைகள் பிடியை விடுவதில்லை. சிதைவில் புரதங்களே அறுந்துபோகின்றன.

கறியிலும் இதேதான். அறுத்து உடனே வந்த கறித்துண்டு சில சமயம் தட்டிலேயே துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏடிபி இன்னும் மிச்சம் இருப்பதன் அடையாளம் அது. அந்த நிலையிலேயே வேகமாகக் குளிர்வித்தால், தசையைச் சுருங்க வைக்கும் கால்சியத்தைக் கட்டுக்குள் வைக்கும் அமைப்பு குளிரில் தளர்ந்து, நார்கள் முழுப் பலத்தோடு சுருங்கி, பிறகு ஏடிபி தீர்ந்து அப்படியே பூட்டிக்கொள்ளும். எவ்வளவு விசில் விட்டாலும் ரப்பர் மாதிரி இருக்கும் கறிக்கு இதுவும் ஒரு காரணம். 1960-களில் நியூசிலாந்தில் இதை ஆராய்ந்து கண்டறிந்தார்கள். பெரிய இறைச்சிக் கூடங்களில் மெதுவாகக் குளிர்விப்பதும், மின் அதிர்வு கொடுத்து மிச்ச ஏடிபியைத் தீர்ப்பதும் இதற்காகத்தான். வீட்டில் பப்பாளிக்காய் அரைத்துத் தடவுகிறோமே, அதில் உள்ள நொதி அந்தப் புரதங்களை நேரடியாக வெட்டுகிறது.

இதை ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதில் பெரும்பாலும் கோளாறு நரம்பின் பக்கம். நரம்பு விடாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினால் அடங்குவது அதனால்தான்.

தாழ்ப்பாளும் சாவியும்

உயிரோடு இருக்கும் தசையில் ஏடிபி எப்போதும் இருக்கிறது. அப்படியானால் மயோசின் தலைகள் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமே? இருப்பதில்லை. ஆக்டின் இழைமேல் ட்ரோப்போமயோசின் என்ற நீண்ட புரதம் படுத்து, தலைகள் பிடிக்க வேண்டிய இடங்களை மறைத்திருக்கிறது. ஒரு ட்ரோப்போமயோசின் ஏழு ஆக்டின்களை மறைக்கும். அதன்மேல் ஒரு ட்ரோபோனின் உட்கார்ந்திருக்கும்.

ட்ரோபோனின் மூன்று புரதங்கள் சேர்ந்த கூட்டு. டி என்பது அதை ட்ரோப்போமயோசினோடு கட்டி வைக்கிறது. ஐ என்பது மறைப்பு விலகாமல் தடுக்கிறது. சி என்பது கால்சியத்துக்காகக் காத்திருக்கிறது. நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் செல்லுக்குள் சுற்றியிருக்கும் பைகளிலிருந்து கால்சியம் கொட்டுகிறது. அது சி-யில் ஒட்டியதும் ஐ பிடியை விடுகிறது, மறைப்பு நகர்கிறது, தலைகள் பாய்ந்து பிடிக்கின்றன. ஜப்பானின் செத்சுரோ எபாஷி 1960-களில் இதைக் கண்டுபிடித்தபோது, வெறும் கால்சியம் இவ்வளவு பெரிய வேலையை நடத்தும் என்பதைப் பலர் ஏற்கத் தயங்கினார்கள்.

தசை தளர வேண்டுமானால் அந்தக் கால்சியத்தைத் திரும்பப் பைகளுக்குள் இறைக்க வேண்டும். இறைக்கும் பம்பும் ஒரு புரதம். அதற்கும் ஏடிபி வேண்டும். ஆக, தளர்வதற்கு இரண்டு இடத்தில் ஏடிபி செலவாகிறது. தலைகள் பிடியை விட ஒன்று, கால்சியத்தைத் திரும்ப இறைக்க இன்னொன்று.

இழுக்காத புரதங்கள்

எல்லாத் தசைப் புரதமும் இழுப்பதில்லை. டைட்டின் என்பது சார்க்கோமியரின் ஓரத்திலிருந்து நடுவரை நீளும் ஸ்பிரிங். மனித உடம்பின் மிகப் பெரிய புரதம் இதுதான், 34,000-க்கும் அதிகமான அமினோ அமிலங்கள் கொண்டது. தசையை நீட்டும்போது கிழியாமல் பார்த்துக்கொண்டு, தடித்த இழையை நடுவில் நிறுத்தி வைக்கிறது.

டிஸ்ட்ரோஃபின் உள்ளிருக்கும் இழைகளைச் செல்லின் தோலோடு கட்டி வைக்கும் கயிறு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் தோல் கிழியும். டூஷேன் தசைச் சிதைவு நோயில் நடப்பது இதுதான். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது.

பழனி மலை ஏறி இறங்கினால் மறுநாள் தொடை வலிக்கும் அல்லவா? ஏறியதைவிட இறங்கியதுதான் அதற்குப் பெரிய காரணம். இறங்கும்போது தொடைத் தசை இழுத்துக்கொண்டே நீளவும் வேண்டியிருக்கிறது. அந்த இழுபறியில் சில சார்க்கோமியர்கள் சிதைகின்றன. லாக்டிக் அமிலம் தேங்கியதால் என்று சொல்வது சரியல்ல, அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும்.

இதயம் விடும் நேரம்

இதயத்திலும் இதே இயந்திரம்தான், ஆனால் ஓய்வுநாள் கிடையாது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை பிடித்து விட வேண்டும். ஒரு துடிப்பில் சுமார் 0.3 விநாடி சுருக்கம், 0.5 விநாடி தளர்வு. இடது கீழறையின் சுவருக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தத் தளர்வு நேரத்தில்தான் பாய்கிறது, சுருங்கும்போது சொந்தக் குழாய்களையே அது நெரித்துவிடுகிறது. மாடிப்படி ஏறித் துடிப்பு வேகமானால் முதலில் குறைவது இந்தத் தளர்வு நேரம்தான். பாதி அடைத்த குழாய் உள்ளவருக்குப் படி ஏறும்போது நெஞ்சு இறுகுவதற்கு இது ஒரு காரணம்.

குழாய் திடீரென்று அடைத்தால் முதலில் கெடுவதும் தளர்வுதான். பிறகு சுருக்கம் குறையும், பிறகு இசிஜி மாறும், அதன் பிறகே வலி தெரியும். எக்கோ ரிப்போர்ட்டில் 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று எழுதியிருந்தால், இதயம் விடுவதில் சுணக்கம் என்று பொருள். வயதானவர்களுக்கும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் இது சாதாரணமாக வரும். அந்த ஒரு வரியை மாரடைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரம்பரையாகவே பிடி அதிகமாக இருக்கும் இதயங்களும் உண்டு. ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்ற நோயில் மயோசின் தலைகள் தேவைக்கு அதிகமாக ஆக்டினைப் பிடிக்கின்றன, சுவர் தடிக்கிறது, தளர்வு கெடுகிறது. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். விளையாட்டு மைதானத்தில் திடீரென்று சாய்ந்து உயிர்விடும் இளைஞர்களில் சிலருக்குப் பின்னால் தெரியவரும் காரணம் இதுதான். மயோசின் தலைகளைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் மாவாகாம்டென் என்ற மாத்திரைக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அளவு கூடினால் இதயமே பலவீனமாகிவிடும் என்பதால் அடிக்கடி எக்கோ பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. மயோசினோடு ஒட்டி அதன் தலைகளைக் கட்டுக்குள் வைக்கும் மயோசின்-பைண்டிங் புரதம்-சி என்பதன் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வகை, இந்தியத் துணைக்கண்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இருக்கிறது. ஹைதராபாத்தின் சிசிஎம்பி ஆய்வகத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2009-இல் இதை வெளியிட்டார்கள். நடு வயதுக்கு மேல் இதயச் செயலிழப்புக்கான ஆபத்தை இது கூட்டுகிறது. இந்த மாற்றம் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவு இல்லை என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

இப்போது தொடங்கிய கேள்விக்கு வரலாம். இதயச் செல்லின் தோல் கிழிந்தால் உள்ளிருக்கும் ட்ரோபோனின் ரத்தத்தில் கசியும். இதயத்தில் உள்ள ஐ, டி இரண்டும் கை கால் தசைகளில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. அதனால் எங்கிருந்து வந்தது என்று ஆய்வகம் சொல்லிவிடும். சி மட்டும் சில கை கால் தசைகளிலும் அதேதான், அதனால் அதைப் பரிசோதிப்பதில்லை.

1. ட்ரோபோனின் ஏறியிருந்தால் இதயத் தசைக்குக் காயம் என்று பொருள். காயத்துக்குக் காரணம் எது என்பதை அது சொல்லாது. குழாய் அடைப்பு ஒரு காரணம். இதயத் தசை அழற்சி, நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி, கடுமையான தொற்று ஆகியவற்றிலும் ஏறும்.

2. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். அதனால் ஓர் எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். இரண்டாவது தடவை ரத்தம் எடுப்பது அதற்காகத்தான், பில்லை ஏற்றுவதற்கு அல்ல.

3. இரண்டு ஆய்வகங்களின் எண்களை நேராக ஒப்பிடக் கூடாது. ஓர் இடத்தில் ஐ பார்ப்பார்கள், இன்னோர் இடத்தில் டி. அலகும் மாறும். மில்லிலிட்டருக்கு 0.04 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 40 நானோகிராம் என்பதும் ஒன்றே.

4. செல்லில் உள்ள ட்ரோபோனினில் பெரும்பகுதி இழையோடு கட்டப்பட்டிருப்பதால் அது மெதுவாகத்தான் கரைந்து வரும். ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ரத்தத்தில் தெரியும். மூன்று நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு வந்தவருக்கும் பரிசோதனை பயன்படுவது இதனால்தான்.

5. வலி தொடங்கிய உடனே எடுத்தால் 'நெகட்டிவ்' வரலாம். பழைய முறைப் பரிசோதனையில் எண் ஏற 3 முதல் 6 மணி நேரம் ஆகும், நுட்பம் கூடிய புதிய முறையில் 1 முதல் 3 மணி நேரம். முதல் முடிவை மட்டும் பார்த்து "வாயுதான்" என்று வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

6. இசிஜியிலேயே முழு அடைப்பு தெளிவாகத் தெரிந்தால் மருத்துவர்கள் ட்ரோபோனின் முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ரத்தம் முழுதாக நின்றால் சுமார் 20 நிமிடத்திலேயே இதயச் செல்கள் மீள முடியாமல் சாகத் தொடங்குகின்றன. ட்ரோபோனின் ரத்தத்தில் தெரிய அதைவிட அதிக நேரம் ஆகும்.